இடைவழியில் ஓர் ஊர்

பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் காலம் வந்துவிட்டால், நம் கடற்கரை இல்லங்களில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. எந்தக் கல்லூரி என்பது முதற்கேள்வி. அதற்கு விடை சொல்லப் பலர் இருக்கிறார்கள். எங்கே தங்குவது என்பது இரண்டாம் கேள்வி. அதனைப் பெரும்பாலும் கையிருப்பே முடிவு செய்துவிடுகிறது. எங்கள் இல்லத்திலும் அவ்வாறே முடிவாயிற்று. ஆயினும், முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்ட இந்நாளில் எண்ணிப் பார்க்கையில், எங்களை ஆளாக்கியதில் அந்த இரண்டாம் கேள்வியின் விடைக்குப் பெரும்பங்கு உண்டு என்றே தோன்றுகிறது.

நாங்கள் என்றால் அண்ணனும் தம்பியுமாகிய இருவர். தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலில் பிறந்தவர்கள். எங்களுள் மூத்தவன் மேனிலைப் பள்ளியை முடித்ததும் குடும்ப நிலை கருதி ஓராண்டு தந்தையாருடன் வள்ளத்தில் தொழிலுக்குப் போனான். இளையவனும் பள்ளி முடித்த 1990ஆம் ஆண்டில், “கடல் எங்கும் போய்விடாது, இரண்டு பேரும் சேர்ந்தே படியுங்கள்” என்று தந்தையார் சொல்லிவிட்டார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் மூத்தவனுக்குப் பொருளியலும் இளையவனுக்குக் கணிதமும் கிடைத்தன.

மகிழ்ச்சி ஒரு வாரம் நீடித்தது. பிறகு கணக்குப் போட உட்கார்ந்தோம். விடுதியில் ஒருவரைச் சேர்ப்பதென்றால் எப்படியோ சமாளித்திருக்கலாம். இருவருக்கும் விடுதிக் கட்டணம் என்பது, மீன்பாடு இல்லாத மாதங்களில் எங்களால் நினைத்துப் பார்க்கவும் இயலாத ஒன்று. நாள்தோறும் ஊரிலிருந்தே போய் வருவதென்றால், பேருந்தில் ஆறுமுகனேரி சேர்ந்து, அங்கே புகைவண்டி பிடித்துப் பாளையங்கோட்டை போய், அதே வழியில் இருட்டிய பின் திரும்ப வேண்டும். படிப்பதற்கு நேரமே இராது.

கருவாட்டு வணிகம் செய்துவந்த தாய்மாமன்தான் மூன்றாவது வழியைச் சொன்னார். “இரண்டுக்கும் நடுவிலே ஓர் ஊரைப் பாருங்கள். வாடகையும் குறைவு, வண்டியும் உண்டு” என்றார்.

திருநெல்வேலியையும் திருச்செந்தூரையும் இணைக்கும் அந்த இருப்புப்பாதை ஏறத்தாழ 61 கிலோமீட்டர் நீளமுடையது. 1923ஆம் ஆண்டில் அதில் வண்டி ஓடத் தொடங்கியது. நாங்கள் படித்த கல்லூரி தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். நம் தூத்துக்குடி மறைமாவட்டம் உருவானதும் அதே ஆண்டில்தான். எவரும் திட்டமிட்டு இவற்றை ஒன்றாக அமைக்கவில்லை. என்றாலும், கல்லூரியும் அதற்குக் கொண்டுசேர்க்கும் பாதையும் ஒரே ஆண்டில் வந்தமையால், இவ்வழியில் உள்ள சிற்றூர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் பட்டதாரிகள் ஆனார்கள். நாங்கள் அந்த நீண்ட வரிசையில் பின்னால் வந்து சேர்ந்தவர்கள்.

ஆறுமுகனேரிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே குரும்பூர், கச்சனாவிளை, நாசரேத், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம், செய்துங்கநல்லூர் எனப் பல நிலையங்கள். நாசரேத்தில் நாங்கள் தேடிப்போன வேளையில் அறை அமையவில்லை. ஸ்ரீவைகுண்டம் வட்டத் தலைநகரம் ஆதலால் வாடகை எங்கள் கைக்கு எட்டவில்லை. எஞ்சியது ஆழ்வார்திருநகரி.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் தாயார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ராத்திரி பிள்ளைகள் வீடு வந்து சேரவில்லை என்றால், தேடுவதற்கு அந்த ஊரில் யார் இருக்கிறார்கள்?”

நாங்கள் சிரித்துவிட்டோம். மீசை அரும்பிய பிள்ளைகளை எவராவது தேடுவார்களா என்ன?

ஆழ்வார்திருநகரி, குருகூர் என்னும் பழம்பெயர் கொண்ட ஊர். நம்மாழ்வார் பிறந்த இடம், நவதிருப்பதிகளுள் ஒன்று. ஆதிநாதர் கோயிலும், ஆழ்வார் அமர்ந்திருந்ததாகப் போற்றப்படும் புளியமரமும் அவ்வூரின் இதயம். வைகாசியில் ஒன்பது கருட சேவை நடைபெறும்போது தெருக்களில் நிற்க இடமிராது. மற்ற நாள்களில் வாழைத் தோப்புகளுக்கும் ஆற்றுக்கும் இடையே அமைதியாகக் கிடக்கும் சிற்றூர். அங்கே மீன் வாடையோடு வளர்ந்த நாங்கள் அறை கேட்டுப் போய் நின்றோம். முதல் வீட்டில் எங்கள் பெயரைக் கேட்டார்கள். அறை இல்லை என்றார்கள். அடுத்த வீட்டில் தந்தையாரின் தொழிலைக் கேட்டார்கள். அங்கும் அறை இல்லை. மூன்றாம் வீட்டுக் கதவைத் தட்டும் துணிவு எங்களுக்கு இல்லாமல் போயிற்று. தாய்மாமன் மட்டும் தளராமல், தமக்குப் பழக்கமான மளிகைக் கடைக்காரரை அழைத்துக்கொண்டு ஆச்சி ஒருவரின் வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்தார்.

கணவரை இழந்து தனித்து வாழ்ந்தவர் அந்த ஆச்சி. எங்களை ஏற இறங்கப் பார்த்தார். “தம்பிமாரே, உங்க பிழைப்பைப் பற்றி எனக்கு ஒண்ணும் இல்லை. ஆனா மீனும் கறியும் இந்த வாசற்படி தாண்டக் கூடாது. எட்டு மணிக்குக் கதவை அடைச்சிருவேன். சொல்லாம வெளியூர்ல தங்கக் கூடாது. சம்மதமா?” என்றார். மாத வாடகை 75 ரூபாய். தலையாட்டினோம். அறைக்குள் வந்ததும் மூத்தவன், “இது வீடா, சிறைச்சாலையா?” என்று முணுமுணுத்தான்.

சிற்றூரில் தங்கிப் படித்ததில் நாங்கள் இழந்தவற்றை மறைக்க விரும்பவில்லை. கடைசி மணி அடித்ததும் நிலையத்துக்கு ஓட வேண்டும். மாலை நேர நூலகமும் விளையாட்டும் எங்களுக்கு இல்லை. பேச்சுப் போட்டியில் இளையவனின் பெயர் வருமுன்னரே வண்டிக்கு நேரமாகிவிடும். விடுதி மாணவர்கள் இரவெல்லாம் கூடிப் பேசி நண்பர்களானார்கள். நாங்கள் அவர்களுக்கு ‘சீசன் டிக்கெட்டுகள்’ மட்டுமே. ஊரிலோ எங்களுக்கு மறைவிடம் என ஒன்றும் கிடையாது. மூத்தவன் ஒருநாள் ஆற்றங்கரையில் பீடி பற்றவைத்தான். அவன் வீடு சேருமுன் செய்தி ஆச்சியிடம் சேர்ந்துவிட்டது. அன்றிரவு அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை; அதனினும் கொடிய தண்டனை வேறில்லை.

பெற்றவையும் உண்டு. அடுத்த தெருவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். எங்கள் தமிழ்ப் பாடத்தில் விளங்காத செய்யுள்களை எடுத்துக்கொண்டு அவர் திண்ணைக்குப் போவோம். ஒருநாள் அவர், “நீங்கள் படிக்க இவ்வூரை விட்டு வெளியே போகிறீர்கள். படிப்பைத் தேடி இவ்வூருக்கு வந்தவர் யாரென்று தெரியுமா?” என்று கேட்டார். உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டின் ஏடுகளைத் தேடி ஆழ்வார்திருநகரிக்கு வந்த வரலாற்றை அன்றுதான் அறிந்தோம். இவ்வூர்க் கவிராயர் குடும்பத்தினர் காத்துவைத்திருந்த சுவடிகள் அவருக்கு உதவின. 1889ஆம் ஆண்டில் பத்துப்பாட்டு அச்சேறியது. ஆசிரியர் அத்தோடு விடவில்லை. “உங்கள் ஊர் மட்டும் குறைந்ததா? 1578ஆம் ஆண்டில் தம்பிரான் வணக்கத்தை அச்சேற்றிய அன்றீக்கு அடிகளார் வாழ்ந்து தமிழ் கற்ற கடற்கரையல்லவா அது? ஆறு ஒன்றுதான், தம்பி. ஏடும் அச்சும் அதன் கரையில்தான் இருந்திருக்கின்றன” என்றார். சிற்றூரில் தங்குவது குறை என்று எண்ணியிருந்த எங்களுக்கு, அதற்குப் பின் வண்டியில் நிமிர்ந்து உட்காரத் தோன்றியது.

சனிக்கிழமை மாலையானால், ஞாயிறு பூசைக்கு ஊருக்குப் போய்விடுவோம். திங்களன்று திரும்புகையில் தாயார் தரும் பொட்டலத்தில் கருவாடு இராது. உடன்குடிக் கருப்பட்டி இருக்கும். “அது ஆச்சிக்கு” என்பார்.

1992 நவம்பரில் தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்தது. அன்று இளையவன் காய்ச்சலில் அறையிலேயே படுத்திருந்தான்; மூத்தவன் மட்டும் கல்லூரிக்குப் போயிருந்தான். பிற்பகல் முதல் மழை விடவில்லை. எட்டு மணிக்குக் கதவை அடைக்கும் ஆச்சி அன்று அடைக்கவில்லை. ஒன்பது மணிக்கு அரிக்கேன் விளக்கை ஏற்றி, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். முழங்கால் வலியோடு நிலையம் வரை நடந்தார். வண்டி வரவில்லை என்று கேட்டுத் திரும்பினார். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் போனார். இம்முறை நிலையத்தாரை விடாமல் நச்சரித்து, முன்நிலையத்துக்குப் பேசவைத்தார். திரும்பி வந்தவரின் சேலை முழுவதும் நனைந்திருந்தது. “வண்டி செய்துங்கநல்லூரிலே நிக்குதாம். நம்ம பிள்ளை அதிலேதான் இருப்பான். நீ இந்தக் கஞ்சியைக் குடி” என்றார்.

தேடுவதற்கு யார் இருக்கிறார்கள் என்று தாயார் கேட்ட கேள்விக்கு அன்றிரவு விடை கிடைத்தது.

மறுநாள் நண்பகலில் மூத்தவன் வந்து சேர்ந்தான். ஆனால் ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கும் எங்கள் ஊரைப் பற்றி மூன்று நாள் செய்தியே இல்லை. நாங்கள் ஒன்றும் உண்ணாமல் உட்கார்ந்திருந்தோம். ஆச்சி விளக்கேற்றிவிட்டு வந்து, “நான் எங்க பெருமாள்கிட்டே சொல்லிட்டேன். நீங்க உங்க மாதாகிட்டே சொல்லுங்க” என்றார். அந்த வீட்டில் நாங்கள் உரக்கச் செபமாலை சொன்னது அதுவே முதல்முறை. ஆச்சி வாசல் திண்ணையில் அமர்ந்து இறுதிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் தந்தையார் சேறு படிந்த கால்களோடு வந்து நின்றார். வீட்டில் அனைவரும் நலம். வள்ளம் மட்டும் போய்விட்டது. திண்ணையில் அமர்ந்து அவர் சொன்ன அடுத்த சொல்லுக்கு நாங்கள் அஞ்சியிருந்தோம். “ஒருத்தனாவது என்கூட வரணும்” என்றார். மூத்தவன் உள்ளே போய்ப் புத்தகங்களைக் கட்டத் தொடங்கினான்.

ஆச்சி தந்தையாருக்குத் தயிர்ச்சோறு போட்டார். அவர் உண்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து, “ஐயா, இன்னும் அஞ்சு மாசம். பரீட்சை முடியுறவரைக்கும் எனக்கு வாடகை வேண்டாம். அரிசி என் வீட்டிலே இருக்கு. அவன் புத்தகத்தைக் கட்ட வேண்டாம்னு சொல்லுங்க” என்றார். தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கடனாக இருந்தால் சரி, தாயே” என்றார்.

1993ஆம் ஆண்டில் இருவரும் தேர்ச்சி பெற்றோம். அடுத்த ஆண்டு, தந்தையார் ஐந்து மாத வாடகையையும் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆச்சி மறுக்கவில்லை. 375 ரூபாயையும் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். அவர் அதை வாங்க மறுத்திருந்தால், தந்தையார் மறுபடி அந்தத் திண்ணையில் தலைநிமிர்ந்து அமர்ந்திருக்க மாட்டார். மீன் மட்டும் கடைசிவரை அந்த வாசற்படியைத் தாண்டவில்லை. அதில் எங்களுக்குக் குறையும் இல்லை.

ஆச்சி மறைந்து ஆண்டுகள் பல ஆயின. அந்தச் சிறிய இருப்புப்பாதை 2008ஆம் ஆண்டில் அகலப்பாதை ஆயிற்று. 2023 டிசம்பரில் மீண்டும் பெருமழை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செந்தூர் விரைவு வண்டி, ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுபோனது. பலர் இரண்டு இரவுகளை அங்கேயே கழித்தார்கள். சுற்றியிருந்த ஊர் மக்கள் தாங்களே வெள்ளத்தில் தவித்த நிலையிலும் அவர்களுக்கு உணவு தந்தார்கள். கடற்கரை மீனவர்கள் படகுகளோடு உள்நாட்டு ஊர்களுக்கு வந்து மக்களை மீட்டார்கள். செய்தியைக் கேட்டபோது எங்கள் நினைவு நனைந்த சேலைக்கும் அரிக்கேன் விளக்குக்கும் ஓடியது. வழி திறந்ததும் அரிசியும் போர்வையும் கொண்டு அந்தத் தெருவுக்குப் போனோம். ஆச்சியின் பேரன் திண்ணையில் சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். நாங்களும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டோம்.

எங்களுள் இளையவனின் மகள் இப்போது கல்லூரியில் சேர இருக்கிறாள். தங்கும் இடங்களைக் கைப்பேசியிலேயே பார்த்து, வாடகை, குளிரூட்டி, இணைய வசதி, கல்லூரிக்கு எத்தனை நிமிடம் என்று பட்டியல் இட்டு வைத்திருக்கிறாள். எல்லாம் வேண்டியவைதாம். பெருநகரிலும் நல்ல மனிதர்கள் உண்டு. சிற்றூரிலும் கதவடைப்பவர்கள் உண்டு என்பதை எங்களைவிட நன்கு அறிந்தவர் யார்? ஊரின் அளவு ஒருவரைக் காப்பதில்லை. ஆகவே நகரம் வேண்டாம் என்று நாங்கள் அவளுக்குச் சொல்லவில்லை. அந்தப் பட்டியலின் அடியில் ஒரு வரியைச் சேர்க்கும்படி மட்டும் கேட்டுக்கொண்டோம்.

“நீ ராத்திரி வந்து சேரவில்லை என்றால், தேடுவதற்கு அங்கே யார் இருக்கிறார்கள்?”

அவள் சிரித்தாள். முப்பது ஆண்டுகளுக்கு முன் நாங்கள் சிரித்தது போலவே.