நெளிந்து திரும்பும் ரேந்தை

நாகர்கோவில் வட்டாரத்தில் ரேந்தை (லேஸ்) பின்னும் தொழிலுக்கு ஏறக்குறைய 200 வயது. லண்டன் மிஷன் சங்கத்தின் சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதி 1819இல் இங்கு வந்தார்கள். மார்த்தா நடத்திய பெண்கள் பள்ளியில் 1820களிலேயே எழுத்துப் பாடத்தோடு ரேந்தையும் சொல்லித்தரப்பட்டது. ஊர் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. அங்கே அடிமை முறை 1855இல்தான் ஒழிந்தது. அதற்கு முன்பே, ரேந்தை விற்ற காசைக் கொடுத்து அடிமைச் சிறுமிகள் சிலர் விடுதலை பெற்றார்கள். இத்தொழிலின் வரலாற்றில் இதைவிடப் பெரிய செய்தி வேறில்லை. மால்ட் தம்பதியின் மகள் எலைசா 1844இல் மிஷனரி ராபர்ட் கால்டுவெல்லை மணந்தார். எலைசாவோடு இந்தக் கைத்தொழில், கணவர் ஊழியம் செய்த இடையன்குடிக்கும் போய்ச் சேர்ந்தது.

ரேந்தைக் கரைகளில் கண்ணை இழுப்பது ஜிக்ஜாக் கரை. இறுக்கி அடைத்த தலையணைமேல் புள்ளி குத்திய மாதிரித்தாள், புள்ளிதோறும் குண்டூசி, நூல் சுற்றிய குச்சிகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். கைக்கு இரண்டே அசைவுகள். பக்கத்துப் பக்கத்து ஜோடிகளின் நடு நூல்கள் இரண்டையும் இடம் மாற்றுவது ஒன்று. ஜோடிக்குள் வலது நூலை இடது நூலின் மேலே போட்டு முறுக்குவது மற்றொன்று.

நெளிவு எப்படி வருகிறது என்பது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் பிடிபடும். ஒரு ஜோடி மட்டும் நெசவின் ஊடைபோல் இப்படியும் அப்படியும் ஓடுகிறது. பட்டை வலப்பக்கம் சாய வேண்டுமானால், வலது ஓரத்து ஊசியில் ஒரு புது ஜோடி உள்ளே வரும். இடது ஓரத்தில் ஒரு ஜோடி வெளியே விடப்படும். முனை வந்ததும் கணக்கு தலைகீழாகிறது: இடப்பக்கம் சேர்ப்பு, வலப்பக்கம் விடுப்பு. முனையில்தான் பின்னுபவரின் கைத்திறன் தெரியும். ஊசி குத்தியதும் ஓடும் ஜோடியை மெல்ல இழுத்து இறுக்காவிட்டால் ஓரம் தொங்கிவிடும். அதிகமாக இழுத்தால் பட்டை சுருங்கும். அளவான இழுப்பு விரல் பழக்கத்தால் வருவது, எந்த மாதிரித்தாளிலும் அது குறிக்கப்படுவதில்லை.

குரோஷா ஊசியில் இதே நெளிவுக்கு வேறு வழி. மேட்டில் ஒரே கண்ணுக்குள் மூன்று பின்னல் போட வேண்டும், பள்ளத்தில் இரண்டு கண்களை விட்டுத் தாண்ட வேண்டும். கூடியதும் குறைந்ததும் சமமாக இருந்தால் அகலம் மாறாது. ஒரு பள்ளத்தைத் தவறவிட்டாலும் வரிசை முழுதும் கோணிக்கொள்ளும். பிரித்துவிட்டுத் திரும்பப் போடுவதைத் தவிர வழியில்லை.

இவ்வளவு கணக்கும் பின்னுபவரின் மனத்தில் ஓடுகிறது. கூலியோ பெரும்பாலும் நீளத்துக்கு. ஆந்திரத்து நரசாப்பூரின் லேஸ் பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட நூல் இந்த அநீதியை விரிவாகக் காட்டுகிறது: வீட்டிலிருந்து பின்னுவதால் அவர்கள் வெறும் இல்லத்தரசிகளாகவே கணக்கிடப்பட்டார்கள், அவர்கள் உழைப்பு ஓய்வுநேர வேலையாகவே கருதப்பட்டது. மெஷின் லேஸின் விலையோடு ஒப்பிட்டுக் கைரேந்தைக்குப் பேரம் பேசுவதும் அதே அநீதியின் தொடர்ச்சிதான். ரேந்தை வாங்குகிறவர்கள் நீளத்தைக் கேட்பதற்கு முன், அதைப் பின்ன எத்தனை மணி நேரம் ஆனது என்று கேளுங்கள். அதற்குரிய விலையைக் கொடுங்கள்.