யாரும் சுட்டாத கணு



கணினி நிரலாக்கத்தில் ‘மரம்’ என்றொரு தரவு அமைப்பு உண்டு. நம் கம்பம் பள்ளத்தாக்கின் மரங்களைப் போலன்றி, அதற்கு வேர் மேலே, இலைகள் கீழே. வேரைத் தவிர ஒவ்வொரு கணுவுக்கும் ஒரே தாய்க்கணு. வேரிலிருந்து எந்தக் கணுவுக்கும் ஒரே வழிதான்.

எங்கள் சபையின் குடும்பப் பதிவேட்டை வாலிபத் தம்பி ஒருவர் பைத்தான் மொழியில் இவ்வாறே அமைத்தார். பாட்டனார், அவருக்குக் கீழே மகன், மகனுக்குக் கீழே பேரப்பிள்ளைகள். பல ஆண்டுகளுக்கு முன் ஒழுங்கு நடவடிக்கையின்போது நான் சிவப்பு மையால் அடித்த ஒரு பெயரை அவர் கணினியிலும் நீக்கினார். பட்டியலை மீண்டும் அச்சிட்டபோது அம்மனிதரின் மூன்று பிள்ளைகளையும் காணவில்லை.

“பிள்ளைகளை ஏன் அழித்தீர்கள், தம்பி?” என்றேன்.

“நான் அழிக்கவில்லை, ஐயா. அவர்களைத் தகப்பன் வழியாகத்தான் அடைய முடியும். இப்போது அவர்களைச் சுட்ட யாருமில்லை.”

யாரும் சுட்டாதவற்றை நிரல்மொழி தானே நினைவகத்திலிருந்து அகற்றிவிடுமாம். 1959-ஆம் ஆண்டளவில் லிஸ்ப் மொழிக்காக ஜான் மெக்கார்த்தி வகுத்த இவ்வழக்கத்திற்குக் ‘குப்பை சேகரிப்பு’ என்று பெயர். அச்சொல் என் நெஞ்சில் தைத்தது. அப்பிள்ளைகளின் பெயரை நானும் அடிக்கவில்லை. ஆனால், தகப்பன் வராமற்போனபின் ஞாயிறு பள்ளியில் அவர்களை ஒருவரும் தேடவில்லை, நானும் தேடவில்லை.

கோராகு நியாயந்தீர்க்கப்பட்டான்; அவன் குமாரரோ சாகவில்லை என்று எண்ணாகமம் 26-ஆம் அதிகாரம் சாட்சியிடுகிறது. 42-ஆம் சங்கீதத்தின் தலைப்பில் அவன் புத்திரரின் பெயர் இன்றும் நிற்கிறது. தேவன் கிளையை வெட்டியபோதும் தளிரை மறக்கவில்லை.

தம்பி திருத்திய நிரலில் வரிசை மாறியிருந்தது: முதலில் பிள்ளைகளைப் பாட்டனாரோடு இணைத்தல், பிறகே பெயரை நீக்குதல். நான் செய்யத் தவறியது அந்த முதல் வரியைத்தான்.

சென்ற வாரம் கூடலூர் அருகே, அவர்கள் வேலை செய்யும் திராட்சைத் தோட்டத்திற்குச் சென்றேன். பந்தலின்கீழ் நின்ற மூத்த மகள், “எங்களை ஞாபகம் இருக்கிறதா, ஐயா?” என்றாள். எனக்கு நாவெழவில்லை.

பிரியமானவர்களே, ஒருவரோடு உறவு முறிந்தபோது, அவர் வழியாக மட்டுமே நீங்கள் அறிந்திருந்த யாரை இழந்தீர்கள்? இந்த வாரம் அவர்களில் ஒருவரையாவது தேடிச் செல்லுங்கள்.

ஜெபம்: நல்ல மேய்ப்பரே, நாங்கள் மறந்தவர்களை நீர் பெயர்சொல்லி அறிந்திருக்கிறீர். அவர்களிடம் போக எங்கள் கால்களைத் திருப்பும். ஆமென்.