ஆத்தூர்ப் பாலத்தில் நின்று

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலை, ஆத்தூரை அடையுமுன் தாமிரபரணியைக் கடக்கிறது. அந்தப் பாலத்தில் சற்று நின்று பார்ப்பது என் வழக்கம்.

மேற்கே கொற்கை, பாண்டியரின் முத்துத் துறைமுகம். ஆறு கொணர்ந்த வண்டல் கடலைத் தள்ளிவிட, இன்று அது கரைக்கு ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் உள்ளே, வாழைத் தோட்டங்களிடையே சிற்றூராய் ஒடுங்கிக் கிடக்கிறது. வணிகர் காயலுக்குப் பெயர்ந்தனர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, ஏடனிலிருந்தும் ஓர்முசிலிருந்தும் குதிரைகளோடு கப்பல்கள் வந்தடையும் பட்டினமென்று அதனை வருணிக்கிறார். அதனையும் மண் விடவில்லை. இன்று பழையகாயல் என்கிறோம்; ‘பழைய’ என்னும் அடைமொழியை எந்த ஊரும் விரும்பிப் பெறுவதில்லை! போர்த்துக்கீசியர் காலத்தில் கிழக்கே புன்னைக்காயல் சிறந்தது. பின்பு வாணிகம் தூத்துக்குடி சேர்ந்தது. 1974இல் அது பெருந்துறைமுகமாயிற்று. பழையகாயலிலும் 2009இல் சிர்க்கோனியம் ஆலை எழுந்தது.

துறைமுகங்களை மாய்த்த வண்டலில்தான் ஆத்தூர் வெற்றிலை தழைக்கிறது. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே பெருவெள்ளம் கொடிக்கால்களில் புகுந்தது. வெள்ளம் வடிந்த சில வாரங்களில் அங்குச் சென்றேன். முதியவர் ஒருவர் அகத்தி விதை ஊன்றிக்கொண்டிருந்தார்.

“அகத்தி வளந்த பொறவுதான் கொடி வைக்கணும், சாமி. அதுவரைக்கும் கடன்தான்” என்றார், நிமிராமலே.