பனிமுடிக்கு ஒரு பகற்பயணம்

நம் நாட்டின் மிகவுயர்ந்த மலையாகிய பீதுருதாலகாலை 2524 மீற்றர் உயரமுடையது. அதனினும் 900 மீற்றருக்கு மேல் உயர்ந்ததோர் இடத்துக்குக் காலையுணவை முடித்துப் புறப்பட்டு, பகற்பொழுதை அங்கே கழித்து, இராச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம் என்றால் நம்புதற்கு அரிதாகவே இருக்கும். சுவிற்சர்லாந்திலுள்ள யுங்ஃபிரௌயொக் என்னும் மலைக்கணவாய் அத்தகையது. 3454 மீற்றர் உயரத்திலே அமைந்த அதன் இரயில் நிலையமே ஐரோப்பாவில் மிகவுயர்ந்தது.

1983ஆம் ஆண்டின் பின்னர் நம்மவர் பல்லாயிரவர் அந்நாட்டிலே குடியேறினர். அவர்களைப் பார்க்கச் செல்லும் பெற்றோரும் உறவினரும் இம்மலைக்கு அழைத்துச் செல்லப்படுவதுண்டு. பேர்ண் நகரில் வாழும் என் தம்பி குடும்பத்தோடு, எழுபது வயதான எங்கள் தாயாரும் நானும் சென்ற விடுமுறையில் அங்கே போய்வந்தோம்.

பேர்ணிலிருந்து புறப்படும் வண்டி தூண் ஏரியின் கரையோரமாக ஓடி, இரண்டு ஏரிகளுக்கு இடையே கிடக்கும் இன்ரர்லாக்கனை அடைகிறது. அங்கிருந்து வேறு வண்டியில் லௌற்றர்புறுன்னன் பள்ளத்தாக்கினுட் புகுந்தால், ஏறத்தாழ 300 மீற்றர் உயரமான பாறையிலிருந்து ஓர் அருவி விழுவதைக் காணலாம். காற்றடிக்குந்தோறும் நீர் துகள் துகளாய்ச் சிதறுவதால், அம்மக்கள் அதனைத் 'தூசியருவி' என்னும் பொருளுடைய பெயரால் அழைக்கின்றனர். இதற்கு மேல் சாதாரண வண்டி ஏறாது. இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்களையுடைய மூன்றாவது தண்டவாளம் ஒன்றுண்டு; வண்டியின் பற்சக்கரம் அதனைக் கவ்விக் கவ்வி மேலே ஏறுகிறது. 2020ஆம் ஆண்டு முதல் கிறின்டெல்வால்ட் என்னும் ஊரிலிருந்து கம்பிவடப் பெட்டியிலே விரைந்து செல்லவும் வசதியுண்டு. ஆயினும் வழியிலே காண்பன மிகுதியாதலால் நாங்கள் பழைய பாதையையே விரும்பினோம்.

கடைசி வண்டி மலையின் வயிற்றுக்குள்ளே புகுகிறது. ஐகர், மோன்க் என்னும் இரு சிகரங்களின் பாறையைக் குடைந்து, 7 கிலோமீற்றருக்கும் அதிக நீளமான சுரங்கம் அமைத்துள்ளனர். அடோல்ஃப் கூயர் செல்லர் என்னும் தொழிலதிபரின் கனவு இது. வேலை 1896இல் தொடங்கியது. ஏழாண்டில் முடியுமென்று எண்ணியது பதினாறு ஆண்டுகள் நீண்டது. 1899இல் அவர் காலமானார். அதே ஆண்டில் வெடிமருந்து விபத்தொன்றில் ஆறு தொழிலாளர் மாண்டனர். இத்தாலியிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர் பலர் இங்கே பாறை உடைத்தனர். பாதை 1912 ஓகஸ்ற் முதலாந் திகதி திறக்கப்பட்டது. மெத்தையிருக்கையில் அமர்ந்து அவ்விருளைக் கடக்கும் நாம் அவர்களை ஒரு கணமாவது நினைத்தல் தகும்.

வண்டி நம் கால்களுக்கு ஓய்வளிக்கிறதேயன்றி, உயரத்தைக் குறைத்துவிடவில்லை. மேலே காற்றின் அமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதன் மூன்றிலிரண்டு பங்களவே. நீர் 100 பாகையில் அன்றி, ஏறக்குறைய 88 பாகையிலேயே கொதித்துவிடும். அம்மா பத்தடி நடந்ததும், "மோனை, காத்துக் காணாமல் கிடக்குது" என்று கூறி அமர்ந்துவிட்டார். சிறிது வெந்நீர் பருகி அரைமணி நேரம் இருந்த பின்னரே முகம் தெளிந்தது. 3571 மீற்றரிலுள்ள 'ஸ்பிங்ஸ்' ஆய்வுகூடத்தின் முற்றத்துக்கு மின்னேணி உண்டு. அவரை அங்கே அழைத்துச் செல்லவில்லை. கண்ணாடிச் சாளரத்தின் வழியே வெண்பனியைக் கண்டு, "கயிலாயமும் இப்பிடித்தானே இருக்கும்" என்று கைகூப்பியபோது, அவர் காணாமல் விட்டது ஒன்றுமில்லை என்றே எனக்குத் தோன்றியது. இருதயநோய், சுவாசநோய் உள்ளவர்கள் வைத்தியரின் ஆலோசனையின்றி இப்பயணத்தை மேற்கொள்ளலாகாது. தலைவலியும் குமட்டலும் வளருமாயின் உடனே கீழே இறங்குவதே சிறந்த மருந்து.

அச்சாளரத்திலிருந்து தெரிவது அலெச் பனியாறு. அல்ப்ஸ் மலைகளில் மிக நீண்டதான இது 20 கிலோமீற்றர் அளவு நீளமுடையது. அதன் நடுப்பகுதியிலே பனிக்கட்டியின் தடிப்பு 800 மீற்றர் வரை உண்டு. இத்துணைப் பெரியதும் தேய்ந்து வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அதன் நுனி 3 கிலோமீற்றருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிற்சர்லாந்துப் பனியாறுகள் தம் கனவளவில் 10 வீதத்தை இழந்தன. 1960 முதல் 1990 வரை இழந்த அளவு அது. மலையுள்ளே பனியிற் குடைந்த மண்டபம் ஒன்றுண்டு. பார்க்க வருவோரின் உடற்சூட்டினால் அது உருகாதிருக்க, இயந்திரங்கொண்டு குளிரூட்டுகின்றனர். மண்டபத்தை அவ்வாறு காக்கலாம். வெளியே கிடக்கும் ஆற்றைக் காக்க எந்த இயந்திரம் உண்டு?

மாணவர்கள் இதனை ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். கண்ணுக்கு எட்டாத உயரத்தை மனிதன் தன் அறிவால் எட்டினான். எட்டியதைப் பேணுதற்கும் அதே அறிவு பயன்படுமாயின், இன்று அங்கே செல்லும் பிள்ளைகள் தம் பேரர்க்கும் அவ்வெண்மையைக் காட்ட முடியும்.