திறந்த மென்பொருள், பூட்டிய கைபேசி



"ஆண்ட்ராய்டு திறந்த மூல மென்பொருள்தானே சார், பிறகு ஏன் நாலு வருஷத்தில் போன் பழசாகிவிடுகிறது?" என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இங்கேயே பதில் சொல்கிறேன்.

1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் வெளியிட்டது லினக்ஸ். அதன் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். அதன் மேல் கட்டியதுதான் ஆண்ட்ராய்டு. முதல் ஆண்ட்ராய்டு போன் 2008-இல் வந்தது.

ஆனால் நம் கைக்கு வரும் போனில் எல்லாமே திறந்தவை அல்ல. பிளே ஸ்டோர் கூகுளின் சொந்தச் சரக்கு. சிப்பையும் கேமராவையும் இயக்கும் நிரல்களில் பல, அவற்றைச் செய்த கம்பெனிகளின் பூட்டுக்குள் இருக்கின்றன. சிப் கம்பெனி கைவிட்டால், போன் கம்பெனியும் கைவிட்டுவிடும். சமையல் குறிப்பு ஊருக்கே தெரியும். அடுப்படிச் சாவி மட்டும் ஒருவர் கையில்!

என் போனில் ஒரு கீறல் இல்லை. பேட்டரியும் நன்றாக நிற்கிறது. ஆனால் ஓய்வூதியம் வரும் வங்கியின் செயலி, "உங்கள் ஆண்ட்ராய்டு பழைய பதிப்பு" என்று திறக்க மறுக்கிறது. சர்வீஸ் சென்டரில், "புதுசு வாங்கிக்கோங்க சார்" என்கிறார்கள். ஒரு மாத ஓய்வூதியத்தில் பாதி போய்விடும்.

லீனேஜ் ஓஎஸ் என்று தன்னார்வலர்கள் பல பழைய போன்களுக்குப் புதிய ஆண்ட்ராய்டு தருகிறார்கள். அதைப் போட, போனின் பூட்லோடர் பூட்டைத் திறக்கக் கம்பெனி அனுமதிக்க வேண்டும். திறந்துவிட்டாலோ, சில வங்கிச் செயலிகள் "பாதுகாப்பில்லை" என்று ஓட மறுக்கும். மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி.

முடியாத காரியமா இது? இல்லை. 2023-இல் வந்த ஃபேர்போன் 5-க்கு 2031 வரை ஆதரவு உண்டு என்றார்கள். அதே ஆண்டு பிக்சல் 8-க்கு ஏழு வருடம் என்றது கூகுள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சட்டமே வந்துவிட்டது: ஒரு மாடலின் விற்பனையை நிறுத்திய பிறகும் குறைந்தது ஐந்து வருடம் புதுப்பிப்பு தர வேண்டும்.

ஆகவே அடுத்த முறை கடையில், கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்:

1. பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை வருடம் வரும்?
2. அந்தக் கணக்கு நான் வாங்கும் நாளிலிருந்தா, மாடல் வெளியான நாளிலிருந்தா?
3. பூட்லோடரைத் திறக்க அனுமதி உண்டா?

கடைக்காரருக்குப் பதில் தெரியாமல் போகலாம். பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும்.

உங்கள் போன் எத்தனை வருடம் ஓடியது? கீழே எழுதுங்கள்.