பாலாவிக் கொட்டில்

முகாம் என்றதும் மற்றச் சிறுவர்க்குச் சாரணர் கூடாரமும் விடுமுறைக் களிப்பும் நினைவில் எழும். எங்களுக்கு எழுவது பாலாவியின் கிடுகுக் கொட்டில். 1990ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவிலிருந்து படகேறிக் கற்பிட்டியிற் கரைசேர்ந்த பல்லாயிரவருள் எங்கள் குடும்பமும் ஒன்று. புத்தளத்தார் தென்னந்தோப்புகளைத் திறந்துவிட்டனர், ஓலையும் தந்தனர். சில வாரங்களில் தோப்புகளே ஊராயின. பெரியவர்கள் கண்ணீர் வடித்த அவ்விடத்தில் நாங்கள் விளையாடினோம். அதை இன்று மறைப்பதற்கில்லை.

ஒரே அறை. கிடுகின் இடுக்குகளால் வெயில் காசுகாசாகத் தரையில் விழும். அக்காசுகள் தண்ணீர்க் குடத்தை எட்டினாற் பள்ளிக்கு நேரமாயிற்று என்று பொருள். சுவரும் ஓலையே ஆதலால், அடுத்த கொட்டில் மூத்தம்மா தம் பேரனுக்குச் சொல்லும் கதை எங்களுக்கும் உரியதாயிற்று. இடையில் அவர் கண்ணயர்ந்தால், மூன்று கொட்டில்களிலிருந்தும், "பிறகு என்ன, மூத்தம்மா?" என்று குரல் எழும். குப்பி விளக்கின் பொறி ஓலையிற் பட்டுவிடுமோ என்று அஞ்சி உம்மா நேரத்தோடு விளக்கணைத்துவிடுவார். எனவே கதைகளெல்லாம் இருளிலேயே நிகழ்ந்தன.

சோளகம் வீசும் மாதங்களில் உப்பளத்துக் காற்று கொட்டிலை ஊடுருவும்; உதட்டை நக்கினால் உப்புக் கரிக்கும். அருவாக்காலுவிலிருந்து சுண்ணாம்புக் கல் ஏற்றிவரும் இரயில் பாலாவிச் சீமெந்துத் தொழிற்சாலைக்குச் செல்லும் ஓசையும் கேட்கும். சீமெந்து அத்தனை அருகில். எங்கள் சுவரோ ஓலை!

ஆண்டுதோறும் கூரை வேய்வது எங்களுக்குப் பெருநாள். உம்மாமார் நீரில் ஊறிய ஓலையைக் கிடுகாகப் பின்னுவர்; புத்தோலையின் மணம் பல நாள் நீங்காது.

ஒருமுறை கொட்டிலின் பின்புறம் ஒரு தென்னம்பிள்ளை நட்டோம். உம்மாவின் முகம் மாறிற்று. "இது காய்க்கிற மட்டும் இங்கேயா இருக்கப் போறோம்?" என்றார். பிடுங்கவில்லை, நீரும் வார்க்கவில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீரை நாங்களே கொண்டுபோய் ஊற்றினோம். ஏழாம் ஆண்டில் அது பாளைவிட்டது. முதல் இளநீரை வாப்பா வெட்டியபோது, உம்மா எழுந்து கொட்டிலுக்குள் போய்விட்டார்.

இடம்பெயர்ந்தோர்க்கென 2007இல் உலக வங்கியின் நிதியுதவியுடன் புத்தளத்தில் வீடமைப்புத் திட்டம் தொடங்கிற்று. எங்கள் வளவிலும் கல்வீடு கட்ட நூல் பிடித்தார்கள். தென்னை குறுக்கே நின்றது. தறிக்க வேண்டும் என்றார் மேசன்.

"மரம் நிற்கட்டும். சுவரைத் தள்ளிக் கட்டுங்கள்," என்றார் உம்மா.

கல்வீட்டின் முதலிரவில் நாங்கள் உறங்கவில்லை. அடுத்த வீட்டு இருமல்கூடக் கேட்கவில்லை. காற்றில் ஓலை சலசலப்பது மட்டும், வெளியே, அந்தத் தென்னையிலிருந்து கேட்டது.