கொட்டிவிட்ட முதல் பால்

"அம்மா, எனக்கு நீ சீம்பால் குடுத்தியா?"

லீவுக்குக் கள்ளக்குறிச்சி வந்திருந்த என் மகள், லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே இப்படிக் கேட்டாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது.

அவள் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் தாய்ப்பாலின் சர்க்கரைகளை ஆராய்கிறாள். திரையில் மேடும் பள்ளமுமாகக் கோடுகள். "என்னடி இது, நம்ம மாடியிலேருந்து பார்க்கிற கல்வராயன் மலையாட்டம் இருக்கு?" என்றேன். சிரித்துக்கொண்டே விளக்கினாள்.

தாய்ப்பாலில் லாக்டோஸ் தவிர, மணி கோத்தாற்போன்ற சங்கிலிச் சர்க்கரைகள் 150 வகைக்கு மேல் உண்டாம். அவை குழந்தைக்குச் செரிப்பதில்லை. குடலிலுள்ள நல்ல கிருமிகளுக்குத்தான் அவை தீனி. நோய்க் கிருமிகள் குடலில் ஒட்டாமல் தடுக்கவும் உதவுகின்றன. சீம்பாலில் இவை மிக அதிகம், பசும்பாலிலோ சொற்பம்.

"மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்னு ஒரு மிஷின். அது எடையை மட்டும்தாம்மா சொல்லும். ஒவ்வொரு மேடும் ஓர் எடை. பொட்டலத்தைப் பிரிக்காமலே உள்ளே என்ன மளிகைன்னு கண்டுபிடிக்கிற மாதிரி!"

ஒரு மேட்டின் எடை 488. சங்கிலியில் கோத்த குளுக்கோஸ், காலக்டோஸ் தலா 162, ஃபியூகோஸ் 146, ஒரு தண்ணீர் 18. கூட்டினால் 488! பால் கணக்கு எழுதும் எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. ஆனால், அதே மூன்று மணிகளை இடம் மாற்றிக் கோத்த இன்னொரு சர்க்கரையும் 488தானாம். எது எதுவென்று தெரிய, உடைத்துத் துண்டுகளையும் எடை போட வேண்டும்.

முன்பெல்லாம் இந்தக் கணக்கைக் கையால் போட்டு நாள்கணக்கில் உட்கார்ந்திருப்பார்களாம். 2005-ல் 'கார்ட்டூனிஸ்ட்', 2008-ல் 'கிளைக்கோ ஒர்க்பெஞ்ச்' என்று சாஃப்ட்வேர்கள் வந்தன. சர்க்கரைகளை வட்டம், சதுரம், முக்கோணமாக, கோலம் மாதிரி வரைந்து காட்டுகின்றன. 2024-ல் ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த 'கேண்டிகிரஞ்ச்', 5 லட்சம் பதிவுகளைப் பார்த்துப் பழகி, சில நொடியில் விடை சொல்லிவிடுகிறது.

"அப்புறம் உனக்கு என்னடி வேலை?"

"அது நூத்துக்குத் தொண்ணூறுதாம்மா சரியாச் சொல்லும். மிச்சத்தை மனுஷங்கதானே பார்க்கணும்!"

எதற்கு இத்தனை நுணுக்கம் என்று கேட்டேன். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி டாக்டர்களும் சேர்ந்து 2018-ல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னாள். பிறந்த குழந்தைகளுக்கு வரும் ரோட்டா வைரஸ் தொற்றுக்கும், தாய்ப்பாலின் சில குறிப்பிட்ட சர்க்கரைகளுக்கும் தொடர்பு இருக்கிறதாம். எந்தச் சர்க்கரை என்ன செய்கிறது என்று அறிய, முதலில் அதை அடையாளம் காண வேண்டுமே!

கடைசியில் அவள் கேள்விக்குப் பதில் சொல்லத்தானே வேண்டும்?

"இல்லடி கண்ணு" என்றேன். 2002-ல் அவள் பிறந்தபோது, 'மஞ்சளா இருக்கு, கெட்ட பால்' என்று பெரியவர்கள் சொல்ல, பீய்ச்சித் தென்னை மரத்தடியில் கொட்டினேன். மூன்று நாள் சர்க்கரைத் தண்ணீர்தான். பத்தாம் நாள் பேதியாகி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதனால்தான் வந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் மனசு ஆறவில்லை.

"விடும்மா, உனக்கு யார் சொன்னாங்க?" என்று என் கையிலிருந்த கீரையை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள், வெள்ளிமலையிலிருந்து சாமை கொண்டுவரும் அம்மா வந்தார். மகளுக்கு மாசமாம். விடுவேனா? சீம்பாலைப் பற்றி மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாடு ஈன்னா முதப் பாலைக் கன்னுக்குத்தான விடறோம்? எம் பேரப்புள்ளைக்கு மட்டும் இல்லைன்னுவேனா?" என்றார். எந்த மிஷினும் இல்லாமலே அவருக்குத் தெரிந்திருக்கிறது. படித்த நான்தான் கொட்டினேன்!

சகோதரிகளே, குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் அந்த மஞ்சள் பாலைப் புகட்டுங்கள். ஆறு மாதம்வரை தண்ணீர்கூட வேண்டாம். உங்கள் மகள் நாளைக்குக் கேட்டால், என்னைப் போல் விழிக்காமல், "குடுத்தேன்டி" என்று சொல்லலாமே!